உங்களுக்குத் தெரியுமா? ஆறு இருக்க, குளம் எதற்கு?

ஸ்ரீரங்கத்துக்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் கொஞ்சம் மிதப்பாகத்தான் பதில் வரும். “தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். குளிக்க எங்களுக்கு என்ன குறை?” ஆனால் அதே தீவுக்குள் குளம் குளமாக வெட்டியும் வைத்திருக்கிறார்கள். படி கட்டி, மண்டபம் எழுப்பி, கரையில் மரம் வைத்து, வருஷத்துக்கு ஒரு ராத்திரி விளக்கேற்றித் திருவிழாவும் நடத்துகிறார்கள். இந்த வாரம் மனிதன் வெட்டிய குளியல் நீர்நிலைகளும் அவற்றின் கரையில் வளர்ந்த பொழுதுபோக்கும். ஊர் ஸ்ரீரங்கம்தான். நடுநடுவே வெளியூர்ப் பயணமும் உண்டு.

● கோயில் குளம் என்றால் சதுரம் என்று கண் பழகிவிட்டது. ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலின் சந்திர புஷ்கரிணியோ வட்டம். சந்திரன் பெயரில் குளம் வெட்டச் சொன்னால் வேறு எப்படி வெட்டுவார்கள்? தட்சனின் சாபத்தால் தேய்ந்துபோன சந்திரன் இங்கே தவமிருந்து மீண்டான் என்பது தலபுராணம். பரமபதவாசல் பக்கம், கோதண்டராமர் சன்னதிக்கு அருகில், புன்னை மரத்தின் துணையோடு இருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நெருக்கியடித்து வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே வீடு திரும்பிவிடுவார்கள்.

● சந்திர புஷ்கரிணியை நடுவில் வைத்து, எட்டுத் திசையிலும் எட்டுத் தீர்த்தங்கள். மொத்தம் ஒன்பது. அந்த எட்டுக்கும் பெயர் மரங்களின் பெயர்: வில்வம், நாவல், அரசு, புரசு, புன்னை, மகிழ், கடம்பு, மா. குளத்துக்கு முனிவர் பெயரோ மன்னர் பெயரோ வைக்காமல் கரையில் நின்ற மரத்தின் பெயரை வைத்தவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. குளித்து எழுந்தவனுக்கு முதலில் வேண்டியது நிழல் என்று தெரிந்தவர்கள்.

● 156 ஏக்கர் கோயிலில் பெய்யும் மழை எங்கே போகிறது? குளங்களுக்குத்தான் போகவேண்டும், பழைய கட்டுமானம் அப்படி. சந்திர புஷ்கரிணியும் சூரிய புஷ்கரிணியும் சேர்ந்து சுமார் 20 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும் என்பது கணக்கு. காலப்போக்கில் வடிகால்கள் அடைபட்டு மழைநீர் பிராகாரங்களில் தேங்கத் தொடங்கியது. 2015 வாக்கில் நடந்த திருப்பணியில் அடைப்புகளை நீக்கி, பழைய நீர்வழிகளை மறுபடி திறந்தார்கள். 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது இந்தக் கோயிலுக்குக் கிடைத்தது. பத்திரிகைகளில் கோபுரத்தின் படம்தான் வந்தது. தூர் வாரப்பட்ட வடிகாலைப் படம் எடுக்க யாருக்குத் தோன்றும்?

● குளம், ஏரி, ஊருணி, பொய்கை, கேணி, கண்மாய், ஏந்தல், தாங்கல், வாவி, தடாகம், இலஞ்சி, கயம். எல்லாவற்றுக்கும் ‘நீர் நிற்கும் இடம்’ என்று அகராதி ஒரே பொருள் சொல்லக்கூடும். ஊர்க்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஏரி பயிருக்கு, ஊருணி குடிக்க, குளம் குளிக்க. பொய்கை தானாக அமைந்தது. ஊருணியில் காலை நனைத்தாலே தென்மாவட்டங்களில் திட்டு விழும்.

● ஸ்ரீரங்கநாதரின் திருமஞ்சனத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது? ‘காவிரி’ என்றால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் சரி. ஐப்பசி ஒரு மாதம் மட்டும் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து, தங்கக் குடத்தில், யானை மேல் காவிரி நீர் வரும். மற்ற பதினொரு மாதமும் வெள்ளிக் குடத்தில் கொள்ளிடத்து நீர். கொள்ளிடத்தைக் கோயில் வழக்கில் ‘வடதிருக்காவிரி’ என்பார்கள். பெயரில் யாருக்கும் மனக்குறை இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

● அம்மா மண்டபம் வெறும் படித்துறை அல்ல. காலையில் தர்ப்பணம், பகலில் துணி துவைப்பு, சாயங்காலம் காற்று வாங்கல், இடையில் எப்போதும் குளியல். ஆடியில் ரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாளே இங்கு எழுந்தருளி, காவிரிக்குப் புடவை, மங்கலப் பொருள்கள் என்று சீர் அனுப்புகிறார். அண்ணன் தங்கைக்கு அனுப்புகிற மாதிரி என்பது ஊர்ப் பேச்சு. பதினெட்டாம் பெருக்கன்று புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் சரடு, முளைப்பாரி எல்லாம் வரும். பிறகு கரையிலேயே உட்கார்ந்து புளியோதரை, தயிர்சாதம். நீர்க்கரைச் சுற்றுலாவை யாரோ வெளிநாட்டுக்காரர் வந்து நமக்குக் கற்றுக்கொடுத்ததாக எண்ண வேண்டாம்.

அப்படிப்பட்ட படித்துறையிலும், காவிரி மணலாகக் கிடந்த ஆண்டுகளில் ஷவர் குழாய் பொருத்தி ஆடிப்பெருக்குக் குளியல் நடந்திருக்கிறது. ஆற்றங்கரையில் ஷவர்! எங்கள் பாட்டி இருந்திருந்தால் தலையிலடித்துக்கொண்டிருப்பாள். குளித்தும் இருப்பாள்.

● ஆறு இருக்க குளம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அந்த ஷவரில் இருக்கிறது. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-ல். அதற்கு முன்னால் காவிரி தன் இஷ்டப்படி வந்தது, தன் இஷ்டப்படி போனது. இப்போதும் ஜூன் 12 எப்போது வரும், அணையைத் திறப்பார்களா மாட்டார்களா என்று டெல்டாவே நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வந்தால் படியைத் தாண்டி வரும். வராவிட்டால் ஊற்றுத் தோண்டித்தான் செம்பு நனையும். குளம் என்பது பிடித்துக் கட்டிப்போட்ட ஆறு. எத்தனை படி இறங்கினால் இடுப்பளவு தண்ணீர் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆற்றில் அந்தக் கணக்கு நேற்றுக்கு இன்று மாறும்.

● முக்கொம்புக்குப் போகாத திருச்சிக்காரர் உண்டா? பள்ளிக்கூட உல்லாசப் பயணத்தில் ஒரு தடவை, காணும் பொங்கலுக்கு ஒரு தடவை, கல்யாணமான புதிதில் ஒரு தடவை. நகரத்திலிருந்து மேற்கே 18 கி.மீ. பூங்கா, ஊஞ்சல், மரநிழல், மீன் வறுக்கும் வாசனை. அந்த உல்லாசத்துக்கெல்லாம் காரணம் ஒரு பொறியியல் தலைவலி என்பது பலருக்குத் தெரியாது.

இங்கேதான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். தண்ணீர் எளிய வழியைத்தானே தேடும்? ஆண்டுக்காண்டு அது கொள்ளிடத்தின் பக்கமே சாய, காவிரி மணல்மேடாகித் தஞ்சை வயல்கள் வாடின. அப்போது இங்கே பணியில் இருந்த ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். நீளம் சுமார் 685 மீட்டர். அடியில் பாறை கிடையாது, ஆழம் ஆழமாக மணல்தான். மணலில் அணை நிற்குமா? தீவின் மறுகோடியில் கல்லணை நின்றுகொண்டிருந்ததே! கரிகாலன் காலத்து அணையின் அடித்தளத்தைப் பார்த்துத்தான் அந்த வித்தையைக் கற்றதாகக் காட்டன் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பின்னால் கோதாவரியில் தவளேசுவரம் அணையை அவர் கட்டியதும் இங்கே படித்த பாடத்தை வைத்துத்தான். கோதாவரிக் கரையில் அவருக்கு ஊருக்கு ஊர் சிலை நிற்கிறது. அவர் பாடம் படித்த நம் பக்கத்தில் ஊஞ்சல் ஆடுகிறது. ஆடட்டும், தப்பில்லை.

● அதே மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 180 வயதைத் தாண்டிய கட்டுமானம். பாறாங்கற்களும் மணல்மூட்டைகளும் கொட்டித் தற்காலிகத் தடுப்பு போட்டார்கள். பிறகு சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணைக்கு ஏற்பாடானது. மதகு உடைந்த மறுநாளே அதைப் பின்னணியில் வைத்து செல்பி எடுக்கக் கூட்டம் கூடியது. வேடிக்கை பார்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

● மதகருகே இறங்கிக் குளிக்காதீர்கள் என்ற பலகையை யாரும் படிப்பதில்லை. மதகிலிருந்து விழும் நீர் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் சுழலும். ஆளை மேலே வர விடாது. மணல் அள்ளிய குழிகள் வேறு. நேற்று முழங்காலளவு இருந்த இடத்தில் இன்று இரண்டு ஆள் ஆழம். நீச்சல் தெரிந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள் என்று கரையோரத்து மனிதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தெரியாதவன் இறங்க மாட்டானே!

● திருச்சிப் பக்கத்துக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் முதலைகள் உண்டு. கதையல்ல, நன்னீர் முதலைகள். அவ்வப்போது மணல்திட்டில் வெயில் காயும், செய்தியில் படம் வரும், இரண்டு நாள் குளியல் குறையும், மூன்றாம் நாள் பழையபடி.

பொருத்தம் பாருங்கள்: ஆனையைப் பிடித்த முதலையிடமிருந்து பெருமாள் காப்பாற்றிய கஜேந்திர மோட்ச வைபவமும் இங்கே, அம்மா மண்டபத்தில், சித்ரா பௌர்ணமியன்று நடக்கிறது. கோயில் யானையும் ஆற்றில் இறங்கித் தன் பாத்திரத்தை ஏற்று நடிக்கும். முதலைக்கு மட்டும் அழைப்பு கிடையாது.

● சரி, யானை தினமும் எங்கே குளிக்கும்? திருவானைக்காவல் அகிலாவுக்குக் கோயில் நந்தவனத்தில் தனிக் குளியல் தொட்டி கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஸ்ரீரங்கத்து ஆண்டாளுக்கும் லட்சுமிக்கும் ஒன்று வந்தது. சரிவுப் பாதை வைத்து, யானை முங்கும் ஆழத்தில். துதிக்கையால் நீரை வாரி இறைத்து அவை போடும் ஆட்டத்தை மக்கள் செல்போனில் பார்த்து ரசிக்கிறார்கள். மனிதர்களுக்குக் கட்டிய குளங்களில் மனிதர்கள் குளிப்பது குறைந்துபோன காலத்தில், யானைக்குக் கட்டியதில் யானை ஒழுங்காகக் குளிக்கிறது.

● திருச்சி நகரின் தெப்பக்குளம் மலைக்கோட்டையின் அடியில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் வெட்டியது என்பார்கள். நடுவில் நீராழி மண்டபம். ஒரு கரையிலிருந்து பார்த்தால் மலையும் உச்சிப்பிள்ளையாரும் நீரில் தலைகீழாகத் தெரிவார்கள். எதிரே லூர்து மாதா கோயில், அதையொட்டி தூய வளனார் கல்லூரி. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் இங்கே குடிபெயர்ந்த கல்லூரி. கர்நாடகப் போர்க் காலத்தில் ராபர்ட் கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடும் இந்தக் குளத்துப் பக்கம்தான். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா படித்ததும் இதே கல்லூரியில்தான்.

இன்றைக்கு இந்தக் குளத்தைச் சுற்றி என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் பாத்திரக்கடைகளும். தீபாவளி நெருங்கினால் குளமிருப்பதே கண்ணில் படாது. ‘தெப்பக்குளம் ஸ்டாப்’ என்று கண்டக்டர் கூவும்போதுதான் ஓ, இங்கே ஒரு குளம் உண்டல்லவா என்று நினைவு வரும்.

● தெப்பம் எப்படி மிதக்கிறது? காலிப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே மூங்கிலும் பலகையும் பரப்பி, அதன்மேல் சப்பர அலங்காரம். துடுப்பு கிடையாது. கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்பார்கள். தேருக்குச் சக்கரம் என்றால் தெப்பத்துக்குப் பீப்பாய், அவ்வளவுதான். நடுவில் நீராழி மண்டபம் வைத்ததற்கு அழகு மட்டும் காரணமல்ல. சுற்றி வர ஒரு மையம் வேண்டாமா?

● மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்வதற்குள் அங்கேயும் போய்விடுவோம். திருமலை நாயக்கர் மகால் கட்ட, செங்கல்லுக்கு மண் எடுத்தார்கள். எடுத்த பள்ளம் பெரிதாகப்போகவே அதைச் சதுரமாக்கிப் படி கட்டியதுதான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் என்பது அங்கத்திய வழக்கு. காலம் 1645-ஐ ஒட்டி. கிட்டத்தட்ட 1,000 அடிக்கு 950 அடி. வைகையிலிருந்து நீர் வர நிலத்தடிக் கால்வாய். மண் எடுக்கும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்பார்கள். தண்ணீரில்லாத ஆண்டுகளில் இதே குளம் மதுரைப் பையன்களின் கிரிக்கெட் மைதானமாக இருந்தது. அந்தத் தலைமுறைக்கு நீர் நிரம்பிய தெப்பக்குளம் என்றால் சற்று வருத்தம்கூட இருக்கலாம்.

● ஜெர்மனியில் சரளைக்கல் எடுத்த பள்ளங்களில் நீர் ஊறி, அவற்றைக் குளியல் ஏரிகளாக்கி, கரையில் புல்வெளியும் தின்பண்டக் கடையும் வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க அப்படி உண்டு. செங்கல் மண் எடுத்த பள்ளத்தில் சாமியையே உலாவர விட்ட மதுரைக்காரருக்கு இது புதுச் செய்தியா?

● மதுரைப் புது மண்டபத்தைச் சுற்றி ஒரு காலத்தில் அகழி மாதிரி பள்ளம் அமைத்து நீர் நிரப்புவார்கள். வைகாசி வசந்த விழாவுக்கு மீனாட்சியும் சொக்கரும் வந்து அமர, நீரைத் தொட்டு வரும் காற்று மண்டபத்தைக் குளிர்விக்கும். ஏ.சி. கண்டுபிடிப்பதற்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முந்தைய ஏற்பாடு. பிற்காலத்தில் அதே மண்டபத்தில் தையற்காரர்களும் புத்தகக் கடைகளும் வந்தது வேறு கதை.

● ‘குளமும் பூங்காவும் ஒரே இடத்தில்’ என்று இன்றைய சுற்றுலா விளம்பரம் சொல்வதை 1871-72-லேயே செய்து காட்டியது தஞ்சாவூர் நகராட்சி. பெரிய கோயிலையொட்டிய சிவகங்கைக் குளத்தைச் சுற்றிப் பொதுமக்களுக்காகப் பூங்கா. குளம் அதற்கும் நெடுங்காலம் முந்தையது. ஊருக்கு மேற்கே செவ்வப்ப நாயக்கன் ஏரியில் மழைநீர் சேர்ந்து தெளிந்து, மண்ணுக்கடியில் சுடுமண் குழாய் வழியே சிவகங்கைக்கும், அங்கிருந்து ஊருக்குள் உள்ள குளங்களுக்கும் போகும். ‘ஜலசூத்திரம்’ என்று பெயர். பம்புசெட் இல்லை, மின்சாரம் இல்லை, நில மட்டத்தின் ஏற்ற இறக்கம் மட்டும். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். போனால் குழந்தையைப் பூங்காவில் விளையாட விட்டு, குளத்தின் கரையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

● திருவாரூர் கமலாலயம் 33 ஏக்கர். மன்னார்குடி ஹரித்ராநதி 23 ஏக்கர், பெயரே நதி. இந்த இரண்டில் எது அழகு என்ற விவாதத்தை இரண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்திருக்கும் கல்யாண வீட்டில் தொடங்க வேண்டாம்.

● கும்பகோணம் மகாமகக் குளத்துக்குள் 20 தீர்த்தக் கிணறுகள். சுற்றி 16 மண்டபங்கள். அவற்றைக் கட்டியவர் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். ஆறு ஏக்கர் சொச்சம் பரப்பில், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் முங்குகிறார்கள். 1992-ல் நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் 2004-லும் 2016-லும் குளத்தின் நீர் மட்டத்தை வேண்டுமென்றே குறைத்து, வழிகளைப் பிரித்து, பல நாளுக்குக் குளியலைப் பரப்பினார்கள். அடுத்தது 2028.

● படித்துறை எல்லோருக்கும் திறந்திருந்ததா? இல்லை. உறையூரில் வளர்ந்த பாணர் குலத்துத் திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றே ரங்கநாதரைப் பாடியவர். தண்ணீர் எடுக்க வந்த கோயில் அர்ச்சகர் லோகசாரங்கர் அவரை விலகச் சொல்லிக் கல்லெறிந்ததும், மறுநாள் பெருமாளின் கட்டளைப்படி அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனதும் வைணவர்கள் அறிந்த வரலாறு. அதைக் கொண்டாடிய ஊர்களிலும் குளத்தில் இறங்கக் கூடாது என்று பலரை நிறுத்தி வைத்திருந்தார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில், சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். நகராட்சி அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது அப்போது. குளத்தைப் பற்றி எழுதுகிறவன் படியின் அழகை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

● யாழ்ப்பாணம் நல்லூரில் ‘ப’ எழுத்து வடிவில் ஒரு கேணி இருக்கிறது. யமுனா ஏரி. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்துக் குளியல் குளம். யமுனையிலிருந்து நீர் கொண்டுவந்து கலந்ததால் அந்தப் பெயர் என்பது வழிவழிச் செய்தி. தமிழ் எழுத்தின் வடிவில் குளம் வெட்டத் தோன்றிய ஊரைக் கும்பிட வேண்டும். கொஞ்சம் வடக்கே போனால் கீரிமலை: கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நன்னீர் ஊற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி.

● லண்டன் ஹைட் பார்க்கின் செர்பென்டைன் ஏரி இயற்கையானதல்ல. 1730-ல் கரோலின் அரசிக்காக வெஸ்ட்போர்ன் என்ற சிற்றாற்றைத் தடுத்து உண்டாக்கியது. 1930-ல் பொதுமக்கள் குளிக்க அதில் தனித்துறை ஒதுக்கினார்கள். கிறிஸ்துமஸ் காலையில், உறையும் குளிரில், அங்கே நீச்சல் போட்டி நடக்கும். 1864 முதல் வழக்கம். மார்கழியில் நாலரை மணிக்கு அம்மா மண்டபத்தில் முங்கும் மாமாக்களை அங்கே அனுப்பினால் கோப்பை நமக்குத்தான்.

● ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் மனிதக் கைவேலைதான். முன்னதை 1820-களில் ஜான் சலிவனும், பின்னதை 1863-ல் லெவிஞ்ச் என்ற மதுரைக் கலெக்டரும் அமைத்தார்கள். இரண்டிலும் படகு விடலாம், குளிக்க முடியாது. குளித்தாலும் ஜன்னி வரும்.

● குளோரின் போடாமல் குளத்து நீரைச் சுத்தமாக வைக்க முடியுமா? 1980-களில் ஆஸ்திரியாவில் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது. குளத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மனிதர்கள், மற்றதில் கோரையும் நாணலும் அல்லியும். செடிகளின் வேரும் சரளையில் வாழும் நுண்ணுயிரிகளும் அழுக்கைத் தின்னும். நம் குளங்களில் தாமரையும் மீனும் தவளையும் இந்த வேலையைத்தான் பார்த்தன. ஆகாயத்தாமரை வேறு சாதி. அது நீரின் மேல் பாய் விரித்து, கீழே இருப்பவற்றுக்கு வெளிச்சத்தையும் காற்றையும் மறைத்துவிடும். பெயரில் தாமரை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

● குளிக்கத் தகுந்த நீர் எது என்பதற்கு இந்தியாவில் அளவுகோல் உண்டு. லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அழுக்கைக் காட்டும் பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மலக் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லி லிட்டருக்கு 500-க்குள் இருந்தால் நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது. ‘கூழானாலும் குளித்துக் குடி’ என்ற ஊருக்கு இந்த எண்கள் படித்துறைதோறும் பலகையில் எழுதி வைக்கத் தகுந்தவை. ஐரோப்பாவில் குளியல் ஏரிகளின் கரையில் நீரின் தரத்தை அப்படித்தான் எழுதி வைக்கிறார்கள். இங்கே படித்துறைப் பலகைகளில் இருப்பது பெரும்பாலும் உபயதாரர் பெயர்.

● மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தின் நீளம் 12 மீட்டர், அகலம் 7 மீட்டர், ஆழம் 2.4 மீட்டர். நீர் கசியாமலிருக்கச் சுவரில் இயற்கைத் தார் பூசியிருந்தார்கள். நாலாயிரம் வருஷம் கழித்தும் நம் மொட்டைமாடித் தொட்டிகள் கசிகின்றன.

● புறநானூற்றில் ஒரு கிழவர். பெயர் தெரியாது, பாட்டில் வரும் கைத்தடியை வைத்தே ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். இருமலுக்கு நடுவே சின்ன வயதை நினைத்துக்கொள்கிறார். மருதமரக் கிளையிலிருந்து ஆழ்ந்த நீரில் குதித்து, கரையில் நிற்பவர்கள் திகைக்க, அடியிலிருந்து மணலை அள்ளிக் காட்டிய இளமை எங்கே போயிற்று என்று கேட்கிறார். இரண்டாயிரம் வருஷமாகியும் அந்த வீரச்செயல் மாறவில்லை. காவிரியில் தண்ணீர் வந்த வாரத்தில் அம்மா மண்டபம் பக்கம் போய்ப் பாருங்கள். எவனாவது ஒரு பையன் கைநிறைய மணலோடு மேலே வருவான்.

● ஸ்ரீரங்கத்தில் புதிதாக ஏதாவது? மேலூரில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே, சுமார் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை 2015-ல் திறந்தார்கள். வனத்துறையின் மேலணைக் காப்புக்காட்டில் அமைந்தது. நட்சத்திர வனம், ராசி வனம், செயற்கைக் குட்டையில் படகு என்று குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனிச் சமாசாரம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி வகைகளை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள். காலையில் வெயில் ஏறும் நேரம்தான் சரி. மத்தியானம் போய்விட்டு ‘ஒன்றையும் காணோம்’ என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அவையும் நிழலில் ஒதுங்கும்தானே.

● கடைசியாக ஒன்று. மாசியில் ஸ்ரீரங்கத்தில் ஒன்பது நாள் தெப்பத் திருநாள். எட்டாம் நாள் இரவு மேலவாசல் தெப்பக்குளத்தில் நம்பெருமாள் உபயநாச்சியார்களுடன் தெப்பம் கண்டருளுவார். படியில் இடம் பிடிக்க வேண்டுமானால் இருட்டுவதற்கு முன்பே வந்துவிடுங்கள். கையில் வைத்திருக்கும் பொரிப் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றபின், காலி உறையைக் குளத்தில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.